சீனி சேர்க்காத, புரதம் மிகுந்த கார நொறுக்குத்தீனி: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைக்க, சுகரைக் கட்டுக்குள் வைக்க, ஜிம்முக்குப் போக, அல்லது பஸ்ஸில் போகும்போது பசிக்கு பன்னும் டீயும் தவிர வேறு ஏதாவது வேண்டும் என்று நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பையில் போட்டுக்கொண்டு போகக்கூடியது, காரம் அல்லது உப்பு ருசி, சீனி சேர்க்காதது, புரதம் உருப்படியாக இருப்பது: இந்த நான்கும் சேர்ந்தவை மட்டுமே இங்கே.

1. புரோட்டீன் ஸ்நாக்ஸ்னா அந்தப் பளபளா பாக்கெட்தானா? நம்ம ஊர்க் கடையில இருக்கிறதுல எதுவுமே தேறாதா?

நிறையத் தேறும். முதலிடம் உப்புக்கடலைக்கு, அதாவது தோலோடு மணலில் வறுத்த கொண்டைக்கடலைக்கு. அடுத்தது தோல் நீக்கி உடைத்த பொரிகடலை. சென்னைப் பக்கம் இதைத்தான் பொட்டுக்கடலை என்பார்கள். பிறகு வறுத்த நிலக்கடலை, வறுத்த பட்டாணி, பூசணி விதை. வீட்டில் செய்து எடுத்துப்போக சுண்டல், மீல்மேக்கர் (சோயா உருண்டை) வறுவல், அவித்த முட்டை. கறி சாப்பிடுபவர்களுக்கு உப்புக்கண்டம், அதாவது உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த கறி.

கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகளில் கடலை, பயறு வகை எல்லாம் கிலோக்கணக்கில் கிடைக்கும். ஒரு கிலோ உப்புக்கடலையின் விலையையும் 30 கிராம் ‘புரோட்டீன் பஃப்’ பாக்கெட்டின் விலையையும் ஒரே எடைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மீதி விளக்கம் தேவைப்படாது. வறுத்த பச்சைப் பட்டாணி வாங்கும்போது மட்டும் ஒரு சோதனை: கொஞ்சத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் பச்சையாக மாறினால் சாயம் ஏற்றியது, வேண்டாம்.

2. ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேணும்? ஒரு கை கடலையில என்ன வந்துறப் போகுது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் (ஐசிஎம்ஆர்-என்ஐஎன்) 2020-ல் தந்த பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். இதில் பெரும்பகுதி மூன்று வேளைச் சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். நொறுக்குத்தீனியிடம் ஒரு தடவைக்கு 6 முதல் 12 கிராம் எதிர்பார்த்தால் போதும்.

ஒரு கை என்பது ஆளுக்கு ஆள் மாறும். சமையல் தராசில் ஒருமுறை 30 கிராம் நிறுத்து, அது உங்கள் கையில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 30 கிராம் உப்புக்கடலையில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதே எடை நிலக்கடலையில் 7 கிராமுக்கு மேல், பூசணி விதையில் 9 கிராம் வரை. ஒரு முட்டையில் 6 கிராம். அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 முதல் 9 கிராம். 25 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் 13 கிராம். ஆக, ‘ஒரு கை கடலை’ ஒரு முட்டைக்குச் சமம்.

3. 100 கிராமுக்குப் புரதம் நிலக்கடலைல 25, உப்புக்கடலைல 20, 22னு போட்டிருக்கு. அப்ப நிலக்கடலைதான உசத்தி?

எடைக்குப் பார்த்தால் ஆமாம். ஆனால் வயிறும் இடுப்பும் எடையைப் பார்ப்பதில்லை, கலோரியைப் பார்க்கின்றன. 100 கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். 570 கலோரி அளவுக்கு வரும். உப்புக்கடலை 370 சுமார். அதனால் 100 கலோரிக்கு எத்தனை கிராம் புரதம் என்று பார்ப்பதுதான் நியாயமான அளவுகோல்.

அப்படிப் பார்த்தால் மீல்மேக்கர் 15, முட்டை 8, உப்புக்கடலை 6, நிலக்கடலை 4-க்குச் சற்று மேல், பாதாம் 4-க்கும் கீழே. 5-க்கு மேல் இருப்பதைத் தாராளமாகவும், 3-லிருந்து 5 வரை இருப்பதை அளவோடும் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இருப்பவை ருசிக்காகச் சாப்பிடுவது. அதில் தப்பில்லை, புரதக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். எடை கூட வேண்டிய ஒல்லியான ஆட்களுக்கு நிலக்கடலையே மேல்.

4. காராச்சேவு கடலை மாவுதானே? முறுக்குல உளுந்து இருக்குல்ல? அது புரதமில்லையா?

வடக்கே மணப்பாறை முறுக்கு, தெற்கே சாத்தூர் சேவு என்று இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சேவுக்கு 200 கிராம் கடலை மாவு, 50 கிராம் அரிசி மாவு என்று வையுங்கள். புரதம் மொத்தம் 47 கிராம் சுமார். பொரித்து எடுத்தால் எண்ணெய் குடித்து 340, 350 கிராம் நிற்கும். அதாவது 100 கிராம் சேவில் 13, 14 கிராம் புரதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 100 கிராமில் 530 கலோரிக்குக் குறையாது. 100 கலோரிக்கு இரண்டரை கிராம்தான்.

முறுக்கில் அரிசி மாவு நாலு பங்கு, உளுந்து மாவு ஒரு பங்கு. இதே கணக்கில் 100 கிராமுக்கு 8 கிராம் புரதம், 100 கலோரிக்கு ஒன்றரை. உளுந்து பாவம், அரிசிக்கும் எண்ணெய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. டீக்கடைப் பருப்பு வடை முறுக்கைவிடத் தேவலை. மாவில் பெரும்பாலும் கடலைப் பருப்புதான். அங்கே பிரச்சினை, காலையிலிருந்து அதே சட்டியில் காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெய்.

5. பாக்கெட்ல ‘ஹை புரோட்டீன்’னு பெருசா அச்சடிச்சிருக்கானே, சும்மாவா போடுவான்?

சும்மா போட முடியாது, விதி இருக்கிறது. திடப்பொருளில் 100 கிராமுக்கு ஒரு நாள் தேவையின் 20 சதவீதம் புரதம் இருந்தால் ‘ஹை’ என்று போட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதி இடம் தருகிறது. 54 கிராமில் 20 சதவீதம் என்றால் 10.8 கிராம். 4-ஆம் கேள்வியில் போட்ட கணக்கின்படி காராச்சேவே இதில் பாஸ். முன்பக்கத்தை விட்டுவிட்டு பின்பக்க அட்டவணையில் புரதத்தையும் கலோரியையும் பார்த்து, 3-ஆம் பதிலில் சொன்ன மாதிரி வகுத்துப் பாருங்கள்.

6. காரமா இருக்கிறதுல எப்படிங்க சீனி இருக்கும்?

காரத்தின் கூர்மையை மழுக்க, புளிப்பைச் சமன்செய்ய, வறுக்கும்போது நிறம் ஏற சீனி போடுவார்கள். பாக்கெட் மசாலாக் கடலையின் மேல்பூச்சு, ‘பெரி பெரி’, ‘தக்காளி’, ‘பார்பெக்யூ’ வாசனைத் தூள்கள், சோயா ஸ்டிக்ஸ், சில கடைகளின் மிக்சர் ஆகியவற்றில் அடிக்கடி இருக்கும். மிக்சரில் உலர்திராட்சை கண்ணில் பட்டால் எடுத்து ஓரமாய் வைக்கலாம். தூளாகக் கலந்த சீனியை எடுக்க வழியில்லை. சில்லறை மிக்சர் வாங்கும் கடையில் நேராகவே கேளுங்கள்: “சீனி போடுவீங்களா?” பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

பாக்கெட்டில் மூலப்பொருள்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாக இருக்கும். சுகர் என்ற சொல்லை மட்டும் தேடினால் போதாது. டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், ஃப்ரக்டோஸ், பழச்சாறு கான்சன்ட்ரேட் எல்லாம் அதே குடும்பம். மால்டோடெக்ஸ்ட்ரின் அவ்வளவாக இனிக்காது, சீனிக் கணக்கிலும் பெரும்பாலும் வராது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அட்டவணையில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு வரி இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது. வெறும் வறுத்த நிலக்கடலைக்கே 100 கிராமில் 4, 5 கிராம் இயற்கைச் சர்க்கரை உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

7. கருப்பட்டி, வெல்லம் போட்டா அது சீனி கணக்குல வராதுல்ல?

வரும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் ருசிக்குத் தகும். ஆனாலும் அது வெல்லப்பாகில் பிடித்த மிட்டாய்தான்.

8. காலையில சுண்டல் கட்டிட்டுப் போறேன், மத்தியானம் திறந்தா ஊசிப்போன வாடை. என்ன தப்பு பண்றோம்?

பெரும்பாலும் மூன்று காரணம்: தேங்காய்ப்பூ, ஈரம், சூட்டோடு மூடியது. சித்திரை, வைகாசி வெயிலில் தேங்காய் போட்ட சுண்டல் மூன்று நான்கு மணி நேரம் தாங்கினாலே பெரிது. வெங்காயம், மாங்காய் போட்டாலும் அப்படித்தான். சூடாக டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் முட்டித் தண்ணீராகச் சொட்டும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்குத் தோதான இடம்.

செய்ய வேண்டியது இது. 100 கிராம் கொண்டைக்கடலை அல்லது தட்டப்பயறை (கடலைக்கு 8 மணி நேரம், தட்டப்பயறுக்கு 4) ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்புப் போட்டு அவியுங்கள். நசுக்கினால் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. முழுக்க வடித்து, கடுகு, உளுந்து, வத்தல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்த சட்டியில் நாலைந்து நிமிடம் ஈரம் வற்றப் புரட்டுங்கள். அகலமான தட்டில் பரப்பி, தொட்டால் சூடே தெரியாத வரை ஆறவிட்டுத் துடைத்த டப்பாவில் போடுங்கள். எட்டு மணிக்குக் கட்டினால் 12 மணிக்குள் தின்றுவிடுவது நல்லது. இரவே அவித்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் தாளித்தால் வேலை மிச்சம்.

9. வீட்ல கடலை வறுத்தா ஒன்னு கல்லாட்டம் இருக்கு, இல்ல நமத்துப்போகுது. கடையில மட்டும் எப்படி மொறுமொறுனு வருது?

கடையில் கொண்டைக்கடலையை லேசாக ஈரப்படுத்தி, அந்த ஈரம் உள்ளே இறங்கும் வரை வைத்திருந்து, கொதிக்கும் மணலில் போடுகிறார்கள். உள்ளிருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி கடலையை உப்ப வைக்கிறது. காய்ந்த கடலையை அப்படியே சட்டியில் போட்டால் ஆவியாக ஈரமில்லை, அதனால் கல். ஊறிய கடலையை இளஞ்சூட்டில் வறுத்தால் ஈரம் மெதுவாகக் கசிந்து வெளியேறும், உப்பாது, அதுவும் கல்.

வீட்டில் மணலுக்குப் பதில் உப்பு. மஞ்சளும் உப்பும் கலந்த வெந்நீரில் கடலையைப் பத்து நிமிடம் போட்டு வடித்து, ஈரத்துணியில் மூடி நாலைந்து மணி நேரம் வையுங்கள். மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். இரும்புச் சட்டியில் அரை கிலோ தூளுப்பை நன்றாகக் காயவிட்டு, ஒரு கைப்பிடி மட்டும் கடலை போட்டு விடாமல் கிளறுங்கள். வெடிக்கும் சத்தம் அடங்கியதும் சல்லடையில் சலித்துவிடுங்கள். நிறையப் போட்டால் உப்பின் சூடு இறங்கி, மறுபடி கல். அந்த உப்பைப் பத்திரப்படுத்தி அடுத்த தடவையும் வறுக்கலாம்.

ஓவன் அல்லது ஏர் ஃப்ரையர் இருந்தால் வேறு வழி: ஊறிய கடலையை இரண்டு விசில் விட்டு வடித்து, துணியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, ஒரு கரண்டி எண்ணெய் புரட்டி 180 டிகிரியில் 35, 40 நிமிடம், இடையில் இருமுறை குலுக்கி வறுங்கள். மிளகாய்த்தூளைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். எந்த வழியானாலும் முழுக்க ஆறிய பிறகே டப்பா. ஓவனில் வறுத்தது இரண்டு மூன்று நாளைக்குத்தான் மொறுமொறுப்பு. நமத்தால் பத்து நிமிடம் மறுபடி சூடு காட்டலாம்.

10. மீல்மேக்கர்ல 100க்கு 52 கிராம்ங்கிறாங்க. ஆனா வாடையும் ரப்பர் மாதிரியும்… வழி உண்டா?

உண்டு, பிழிவதில்தான் சூட்சுமம். 50 கிராம் சின்ன உருண்டையை உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, ஒட்டப் பிழியுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு மறுபடி பிழியுங்கள்; இரண்டு மூன்று தடவையில் வாடை போய்விடும். தண்ணீர் தங்கினால்தான் ரப்பர். இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், சீரகம், எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி, கடலை மாவு இரண்டு கரண்டி பிசறி, தோசைக்கல்லில் சிறு தீயில் 20 நிமிடம், அல்லது ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 15 நிமிடம். இது இரண்டு பேருக்கு. ஆளுக்கு 13 கிராம் வரும். உள்ளே ஈரம் இருப்பதால் அன்றைக்கே சாப்பிட வேண்டும்.

தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதைப் போட்டு நாலு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

11. அவிச்ச முட்டைய பையில போட்டா எத்தனை மணி வரைக்கும் தாங்கும்?

உணவுப் பாதுகாப்பு விதி: வெளியே இரண்டு மணி நேரம், வெக்கை 32 டிகிரி தாண்டினால் ஒரு மணி நேரம். மதுரையில் வருடத்தில் பாதி நாள் அந்த இரண்டாவது விதிதான். ஓட்டை உரிக்காமல் கொண்டுபோங்கள், உரிப்பது சாப்பிடும்போது. ஐஸ் பேக் வைத்த சாப்பாட்டுப் பை இருந்தால் மதியம் வரை கவலையில்லை.

12. கறி, மீன்ல கெட்டுப்போகாம கொண்டுபோற மாதிரி எதாச்சும்?

நம் ஊரில் உப்புக்கண்டம் இருக்கும்போது வெளிநாட்டு ‘ஜெர்க்கி’யைத் தேட வேண்டியதில்லை, அந்த ஜெர்க்கியில் பெரும்பாலும் சீனியும் உண்டு. எலும்பில்லாத வெள்ளாட்டுத் தொடைக்கறியை விரல் கனத்துக்கு மேல் போகாமல் நீளவாக்கில் அரிந்து, கொழுப்பை நீக்குங்கள். கொழுப்புதான் முதலில் காறும். கிலோவுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் கல்லுப்பு, மஞ்சள், வத்தல், பூண்டு அரைத்துப் பிசறி ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நூலில் கோத்து, ஈ மொய்க்காமல் வலைத்துணி போட்டு, நல்ல வெயிலில் நாலைந்து நாள். ஒடித்தால் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கனமாக அரிந்தாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் போட்டாலும் வெளியே காய்ந்து உள்ளே அழுகும்.

காய்ந்ததை அப்படியே தின்னக் கூடாது. அலசி, அம்மியில் தட்டி, கொஞ்சம் எண்ணெயில் நன்றாக வறுத்து எடுத்துப்போக வேண்டும். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டிவிடுவதால் புரதம் அடர்த்தி அதிகம், உப்பும் அப்படியே. 25 கிராம் ஒரு ஆளுக்குப் போதும். நெத்திலிக் கருவாட்டு வறுவலும் புரதத்தில் சளைத்ததல்ல. ஆனால் பஸ்ஸில் டப்பாவைத் திறந்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் இறங்கிவிடுவார். யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பவர்கள் நெத்திலியைத் தவிருங்கள்.

13. மொத்தமா வாங்கி வைச்ச கடலை கொஞ்ச நாள்ல காறிப்போகுது. எப்படி வைக்கிறது?

எண்ணெய் இருக்கிற பருப்பு எதுவும் வெக்கை, வெளிச்சம், காற்று மூன்றிலும் காறும். வறுத்தது பச்சையைவிடச் சீக்கிரம். அதனால் நிலக்கடலையைப் பச்சையாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுங்கள்: 200 கிராமுக்கு இளந்தீயில் 12 முதல் 15 நிமிடம். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுக்கும். அது தெரியாமல் இன்னும் கொஞ்சம் என்று விட்டால் கசந்துவிடும்.

சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது கண்ணில் பட்டால் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிடுங்கள்.

14. எனக்கு பிபி இருக்கு. இதெல்லாம் உப்பா இருக்கே?

உங்கள் கவலை சரியானது. நாள் முழுக்க எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பாக்கெட்டில் சோடியம் என்றுதான் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. உப்பில்லாத பொரிகடலை வாங்கி, மிளகு, வறுத்த சீரகம், பொடித்த கறிவேப்பிலை, ஆம்சூர் (காய்ந்த மாங்காய்ப் பொடி) தூவினால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது. உப்புக்கண்டம், கருவாடு உங்களுக்கு வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் உப்பு மட்டுமல்ல, புரத அளவையே மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

15. சுகர்க்காரங்க இஷ்டத்துக்குச் சாப்பிடலாமா? சீனிதான் இல்லையே.

சீனி இல்லை, மாவுச்சத்து இருக்கிறது. உப்புக்கடலையில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். மெதுவாக ஏறும் என்பதுதான் அதன் நல்ல குணம். 30 கிராமோடு நிறுத்துங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயணத்தில் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் கடலையும் முட்டையும் உதவாது. அவை ஏறுவதற்கு நேரமாகும். அந்த நேரத்தில் வேண்டியது சீனியேதான்: மூன்று டீஸ்பூன் சீனி அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அதைத் தனிப் பொட்டலமாகப் பையில் எப்போதும் வைத்திருங்கள்.

16. பயறு கடலை தின்னா வயிறு கும்முனு உப்பிக்குது.

ஊறிய தண்ணீரைக் கொட்டுவது (8-ஆம் பதில்), நன்றாக அவிப்பது, பெருங்காயம், இஞ்சி, இவையெல்லாம் உதவும். முதல் வாரம் பாதி அளவோடு தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், குடலுக்குப் பழகும். தோலுள்ள உப்புக்கடலை தொந்தரவு என்றால் பொரிகடலைக்கு மாறுங்கள்.

17. மூணு வயசுப் பிள்ளைக்குக் கடலை குடுக்கலாமா?

முழுசாகக் கூடாது. ஐந்து வயது வரை முழுக் கடலை, முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும். பொரிகடலையை உப்பு, சீரகத்தோடு பொடித்து, நெய்யும் கொஞ்சம் வெந்நீரும் விட்டு மெத்தென்ற உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள்.

18. காலையில வைகை எக்ஸ்பிரஸ்ல சென்னை போறேன், அங்க ரெண்டு நாள் லாட்ஜ். ஃப்ரிட்ஜ் கிடையாது. எதைக் கட்டுறது?

முதலில் கெடக்கூடியது, பிறகு கெடாதது என்று வரிசைப்படுத்துங்கள். ரயிலில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு அவித்த முட்டை. அடுத்து 8-ஆம் பதிலில் சொன்ன முறையில் கட்டிய சுண்டல், கட்டியதிலிருந்து நாலு மணி நேரத்துக்குள். அதற்கு மேல் ஈரமுள்ள எதுவும் வேண்டாம்.

மீதி இரண்டு நாளுக்கு உப்புக்கடலை 120 கிராம், நிலக்கடலை 60, பூசணி விதை 60. இவற்றை வீட்டிலேயே ஆறு பொட்டலமாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 40 கிராம், புரதம் 9 கிராம் சுமார், நாளுக்கு மூன்று. ஒரே டப்பாவாகக் கொண்டுபோனால் திண்டுக்கல் தாண்டுவதற்குள் பாதி காலியாகும், திறந்து திறந்து மூடுவதில் மீதி நமத்துப்போகும். கறிவேப்பிலை, பூண்டு வறுத்துப் போடுவதாக இருந்தால் நொறுங்கும்படி ஈரமில்லாமல் வறுத்துப் போடுங்கள். சென்னையின் கடற்காற்று ஈரத்தில் பொட்டலம் லேசாக நமத்தாலும் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். காறல் வாடை வராத வரை சாப்பிடலாம்.